டை ஏன் முறுக்கிக்கொள்வதில்லை?

டையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அரசர்களிடமிருந்து தொடங்குவார்கள். 17ஆம் நூற்றாண்டில், முப்பதாண்டுப் போர் நடந்த காலத்தில், பிரான்ஸுக்காகச் சண்டையிட வந்த குரோவேஷியக் கூலிப்படையினர் கழுத்தில் துணி முடிந்திருந்தார்கள். பாரிஸுக்கு அது பிடித்துப்போனது. பதினான்காம் லூயியின் அரசவை அதில் லேஸ் வைத்து அழகு பார்த்தது. கதை சரிதான். ஆனால் இன்றைய டைக்கு இந்த வடிவம் எப்படி வந்தது என்பதற்கு அதில் பதில் கிடையாது. அதற்கு அரசவையை விட்டுவிட்டுத் துணியைப் பார்க்க வேண்டும். கழுத்தில் சுற்றிய துணி கசங்கும், தொய்யும், முறுக்கிக்கொள்ளும். இந்த மூன்றோடும் மல்லுக்கட்டியதில்தான் டை உருவானது.

1692இல் ஸ்டீன்கெர்க் போரில், எதிரி திடீரென்று பாய்ந்ததால் முடிச்சுப் போட நேரமில்லாத பிரெஞ்சு அதிகாரிகள், துணியை முறுக்கி நுனியைக் கோட்டின் பொத்தான் துளையில் செருகிக்கொண்டு ஓடினார்கள் என்பார்கள். நம்புவது உங்கள் விருப்பம். அந்தப் பாணி ஐரோப்பாவில் பரவியது மட்டும் உண்மை. முறுக்கிக்கொள்ளும் துணியை நாமே முறுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது!

அடுத்து வந்த தீர்வு நமக்கு நன்றாகவே பழக்கமானது: கஞ்சி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் உடையழகுக்குப் பேர்போனவர் பியூ பிரம்மெல். அவர் கழுத்துத்துணிக்கு அளவாகக் கஞ்சி போட்டார். மாவுச்சத்துத் துகள்கள் சுடுநீரில் ஊதிப் பெருத்து, நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளை வெளியே விடும். அவை நூலிழைகளுக்கு நடுவே புகுந்து, காய்ந்ததும் மெல்லிய விறைப்பான படலமாகி இழைகளை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். தொய்வு போயிற்று. ஆனால் கஞ்சித்துணியில் ஒருமுறை விழுந்த மடிப்பு நீவினால் போகாது. அகலத்துணியைக் கழுத்தில் சுற்றிக் கட்டி, மோவாயை மெல்ல மெல்லத் தாழ்த்தி மடிப்புகளை விழவைக்க வேண்டும். ஒன்று தப்பாக விழுந்தாலும் வேறு துணிதான். பிரம்மெல்லின் வேலையாள் கசங்கிய துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கிவந்து, “இவை எங்கள் தோல்விகள்” என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. வேடிக்கைக் கதைதான், ஆனால் கஞ்சியின் குணம் தெரிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

ஆலையும் அலுவலகமும் பெருகிய பிறகு காலையில் அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது? நீளமான ஒல்லி டையும் அதற்கேற்ற எளிய முடிச்சும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்றன. கட்டுவது சுலபமாயிற்று, முறுக்கலும் கசங்கலும் அப்படியே இருந்தன.

இதைத் தீர்த்தவர் ஜெஸ்ஸி லாங்ஸ்டோர்ஃப் என்ற நியூயார்க் தையற்காரர். 1920களில் அவர் காப்புரிமை பெற்ற முறையில், துணியை நேராக வெட்டாமல் 45 டிகிரி சாய்வாக வெட்டி, மூன்று துண்டுகளாக இணைத்துத் தைக்க வேண்டும். ஏன் சாய்வு? ஒரு பருத்திக் கைக்குட்டையை எடுத்து விளிம்பையொட்டி இழுத்துப் பாருங்கள், நீளாது. பாவு நூலோ (தறியில் நீளவாட்டில் ஓடுவது) ஊடை நூலோ (குறுக்கே ஓடுவது) நேரடியாக இழுபடுவதால் அது விட்டுக்கொடுக்காது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். நன்றாக நீளும். இங்கே நூல் எதுவும் நீளவில்லை. பாவும் ஊடையும் சந்திக்கும் கோணம்தான் மாறுகிறது. சின்னஞ்சிறு சதுரங்களெல்லாம் சாய்சதுரங்களாகின்றன. விட்டதும் ஏறக்குறையப் பழையபடி வந்துவிடுகின்றன. அதனால்தான் முடிச்சுக்குள் நசுங்கிய டை அவிழ்த்தபின் தேறிவிடுகிறது. சரியாக 45 டிகிரி என்பதற்கும் காரணம் இருக்கிறது. கோணம் கொஞ்சம் பிசகினால், பாவும் ஊடையும் சமமாக இழுபடாமல் துணி ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். ரவிக்கைக் கழுத்துக்குத் தையற்காரர் ‘கிராஸ் பீஸ்’ வைப்பதும் இதே சூத்திரம்தான். துணி நிறைய வீணாகும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

கோடுபோட்ட டையில் கோடுகள் சாய்வாக இருப்பது பெரும்பாலும் இந்த வெட்டினால்தான். தறியில் கோடு நேராகத்தான் விழுகிறது. பிரிட்டிஷ் படைப்பிரிவு டைகளில் அது அணிபவரின் இடது தோளிலிருந்து வலப்பக்கம் இறங்கும். அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் திசையை மாற்றிவிட்டது.

வெளித்துணி நீளும்போது தையலும் நீள வேண்டுமே? நல்ல டையின் பின்புறம் ஒரே நூலால், கையால், தளர்வாகத் தைக்கப்பட்டிருக்கும். நூலின் கடைசியில் சிறு வளையம் மிச்சம் விட்டிருப்பார்கள். டை நீளும்போது துணி அந்த நூலின்மேல் வழுக்கி நகரும்.

சரி, முடிச்சு? 1999இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் என்ற இரு இயற்பியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில் இதைக் கணக்காகவே போட்டார்கள். அகல முனை இடம், வலம், நடு என மூன்று பக்கம்தான் போக முடியும். ஒரே பக்கம் அடுத்தடுத்து போகக் கூடாது. முடிவில் நடுவுக்கு வந்து கண்ணிக்குள் நுழைய வேண்டும். டையின் நீளம் போதாது என்பதால் 9 நகர்வுகளுக்கு மேல் கிடையாது. 3 நகர்வில் ஒரு முடிச்சு, 4இல் ஒன்று, பிறகு 3, 5, 11, 21, 43. ஆக மொத்தம் 85. அந்த 4 நகர்வு முடிச்சுதான் பள்ளிப்பிள்ளைகளுக்குப் பரிச்சயமான எளிய முடிச்சு; பருத்த முக்கோணமாகத் தெரியும் விண்ட்சருக்கு 8 நகர்வு வேண்டும். ஒல்லி முனையாலும் கட்டலாம், நடுவிலும் செருகலாம் என்று விதியைத் தளர்த்தி, மிக்கேல் வெய்டெமோ யோஹான்சன் என்ற கணிதவியலாளரின் குழுவினர் பின்னர் 2,66,682 முடிச்சுகளை எண்ணிக் காட்டினார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்ணாடி முன்னால் யாரும் முயன்றுகூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

எந்த முடிச்சானாலும் கட்டிய வழியிலேயே திரும்பி அவிழ்ப்பது நல்லது. ஒல்லி முனையை வெடுக்கென்று உருவினால் பின்புறத் தையல் நூல் அறுந்துபோகலாம். அப்புறம், பட்டு டையைத் தண்ணீரில் துவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கம்பளித் துணி ஒரு அளவுக்குச் சுருங்கும், வெளியே உள்ள பட்டு வேறு அளவுக்குச் சுருங்கும்.