துளி காய்வதும் வேலைதான்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒருவர், தங்க நானோதுகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய தங்கத் துகள்கள், கலந்த செந்நிறக் கரைசலில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டார். சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறிக்கு நேரே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தவர், "துகள்கள் எங்கே போயின, ஐயா?" என்று பதறினார்.

தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். ஓரத்தில் மட்டும் நூலிழை போலக் கருநீல வளையம். செந்நிறத் துகள்கள் நெருக்கியடித்து ஒட்டிக்கொண்டால் நிறம் அப்படி மாறிவிடும். உள்ளே வெறும் கண்ணாடி.

சிந்திய காப்பி காய்ந்தால் மேசையில் விழும் கறையும் இதேதான். 1997இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் காரணத்தை விளக்கினார்கள். துளியின் விளிம்பு தகட்டைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது. நீர் ஆவியாவதும் அங்கேதான் அதிகம். குறைந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடுகிறது. துகள்களையும் வாரிக்கொண்டு போகிறது. காயும் தறுவாயில் அந்த ஓட்டம் வேகமெடுக்கும். அதனால் முதலில் சேர்ந்த துகள்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்க, கடைசியில் வந்தவை குப்பையாகக் குவிந்துகிடக்கும்.

துளியை விட்டதும் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் துகள்களை அடுக்குவது ஆவியாதல்தான். விசிறியாலும் அடுப்பாலும் அதை விரட்டாதீர்கள்.

மெதுவாகக் காய்ந்தாலும் வளையம் விழலாம். அதைத் தடுக்க நாங்கள் நீரில் கொஞ்சம் எத்திலீன் கிளைக்கால் சேர்க்கிறோம். அது நீரைவிட மெதுவாக ஆவியாகும் திரவம். விளிம்பில் நீர் போய்க் கிளைக்கால் மிஞ்ச, அங்கே பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பு தன்னை இழுத்துப் பிடிக்கும் விசை, குறைந்து, மேற்பரப்பின் நீர் நடுவை நோக்கித் திரும்புகிறது. துகளின் வடிவமும் உதவும்: நீள்வட்டத் துகள்கள் நீரின் மேற்பரப்பிலேயே சிக்கிக்கொண்டு பரவலாகப் படியும் என்று 2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள்.

இன்னொன்று, ஊர். கோடையில் டர்பனில் கொடியில் போட்ட வேட்டி மாலைவரை காயாது. 1,700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில், குளிர்காலத்தில் சட்டென்று காய்ந்துவிடும். அங்கே எழுதிய செய்முறை இங்கே அப்படியே பலிக்காது. அன்றைய வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

மேசையில் சிந்தினால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்தபின் சுரண்டினால் துகள்கள் தூசியாகப் பறந்து மூச்சில் போகும். அந்த மாணவியின் மேசையில் இப்போது விசிறி இல்லை. துளியின் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது.