கடித்தால் கண்ணாடி, மென்றால் ரப்பர்

"நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி வாங்கினேன். வாயில் போட்டுக் கடித்ததும் கற்கண்டு மாதிரி நொறுங்கித் தூளாகிவிட்டது. துப்பலாமா என்று யோசிப்பதற்குள் தூளெல்லாம் ஒன்றுசேர்ந்து பபிள்கம் ஆகிவிட்டது. இது எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ரூமி மஸ்தகி என்பது ஒரு மரத்தின் உலர்ந்த பிசின். அந்தத் துண்டு வந்த ஊரிலிருந்து தொடங்குகிறேன். மத்தியதரைக் கடலின் ஏஜியன் பகுதியில், துருக்கிக் கரைக்குப் பக்கத்தில் கியோஸ் என்ற கிரேக்கத் தீவு இருக்கிறது. அதன் தென்பாதியில் பிர்கி, மெஸ்தா, ஒலிம்பி என்று 24 சிற்றூர்கள். கடற்கொள்ளையருக்குப் பயந்து, கடலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி உள்நாட்டில் கட்டிய ஊர்கள். மெஸ்தாவில் ஓரத்து வீடுகளின் பின்சுவர்களே கோட்டை மதில். இவ்வளவு காவலும் இந்தப் பிசினுக்காகத்தான். இதே இன மரம் மத்தியதரைக் கரையெங்கும் புதராக வளர்கிறது. ஆனால் பிசினுக்கென்றே வளர்த்து எடுப்பது பெரும்பாலும் இந்த ஊர்க்காரர்கள்தான். 'ரூமி' என்பதும் அரபுக்காரர்கள் கிழக்கு ரோமப் பேரரசைக் குறித்த 'ரூம்' என்ற சொல்லிலிருந்து வந்த அடைமொழி.

மரம் நம் மாமரத்தின் குடும்பம். மாங்காயின் காம்பைக் கிள்ளியதும் பால் பீய்ச்சி அடிக்குமல்லவா? பட்டைக்குள் நுண்குழாய்களில் அழுத்தத்தோடு பிசினைத் தேக்கி வைப்பது இந்தக் குடும்பத்து வழக்கம். பூச்சி துளைத்தால் பிசின் வழிந்து காயத்தை அடைத்துவிடும். ஜூலையில் விவசாயிகள் மரத்தடியைப் பெருக்கிச் சமப்படுத்தி, வெள்ளைச் சுண்ணாம்பு மண் தூவுகிறார்கள். பிறகு கூரான சிறு கருவியால் பட்டையில் கீறுகிறார்கள். அந்தக் கீறலுக்கு 'கெந்திமா' என்று பெயர். துணியில் போடும் பூவேலைக்கும் கிரேக்கத்தில் அதே சொல்தான். குழாய்கள் பட்டையில்தான் ஓடுகின்றன. அதைத் தாண்டிக் கட்டையில் கத்தி பட்டால் மரத்துக்குக் கேடு. கசிந்த பிசின் இரண்டு, மூன்று வாரம் காற்றில் உலர்ந்து கெட்டியாகும். அப்புறம் பொறுக்குவது, சலிப்பது, குளிர்காலம் முழுக்கப் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு துளியாகக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்வது. ஒரு மரம் ஆண்டுக்குத் தருவது சில நூறு கிராம்தான்.

சரி, வாசகரின் வாய்க்குள் போவோம்.

மஸ்தகியில் இரண்டு விதமான மூலக்கூறுகள் கலந்திருக்கின்றன. பெரும்பகுதி, 30 கார்பன் அணுக்கள் வளையம் வளையமாகச் சேர்ந்த, மடங்காத சிறு மூலக்கூறுகள். ஏறக்குறைய கால் பங்கு, மிக நீண்ட சங்கிலிகள். அந்தச் சங்கிலியின் கண்ணி மிர்சீன் என்ற 10 கார்பன் பொருள். மாங்காய் வாசனையிலும் அதற்குப் பங்கு உண்டு. ரப்பர் மரத்துப் பாலிலும் இப்படித்தான் சங்கிலி இருக்கிறது, ஆனால் அதன் கண்ணியில் 5 கார்பன்கள். ஆக, இரண்டும் பங்காளிகள்.

அறை வெப்பத்தில் இந்தக் கூட்டம் முழுவதும் அசைய இடமில்லாமல் உறைந்து நிற்கிறது. ஒழுங்கான படிக அடுக்கு கிடையாது. நெரிசலில் சிக்கிய கூட்டம் நின்ற இடத்திலேயே விறைத்துப்போன மாதிரி. கண்ணாடியும் இப்படிப்பட்டதுதான், அதனால்தான் பல் பட்டதும் நொறுங்கியது. மஸ்தகி அந்த விறைப்பை விடும் வெப்பநிலை நம் உடல் வெப்பத்தை ஒட்டியே இருக்கிறது. வாயின் சூட்டில் சிறு மூலக்கூறுகள் நகரத் தொடங்குகின்றன. அவை மட்டும் இருந்திருந்தால் பிசுபிசுவென்று பல்லெல்லாம் ஒட்டியிருக்கும். நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அவற்றை விலகவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இரண்டுமே நீரில் கரையாதவை, ஆகவே எவ்வளவு மென்றாலும் எச்சில் அதைக் கரைப்பதில்லை. உடல் சூட்டில் கண்ணாடி ரப்பராக மாறுகிற இந்த வேலையை நாமே நாக்கில் உணர முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்தச் சங்கிலியின் அமைப்பு உறுதியானது 1998-ல். அதைக் கண்டவர்கள் மருந்து ஆய்வாளர்கள் இல்லை. பழைய ஓவியங்களின் வார்னிஷை ஆராய்ந்த நெதர்லாந்து வேதியியலாளர்கள். மஸ்தகி ஓவியர்களுக்கு வார்னிஷாகவும் இருந்தது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு நிதியை மறுத்திருந்தால் இன்று வாசகருக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. அதே ஆண்டு, வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைச் சோதனைக்கூடத்தில் மஸ்தகி கொல்கிறது என்று ஒரு மருத்துவ இதழில் செய்தி வந்தது. பிறகு மனிதர்களிடம் நடந்த சிறு சோதனைகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. பெரிய சோதனை நடத்தப் பொதுப்பணம் வேண்டும். காப்புரிமை கிடைக்காத மரப்பிசினுக்கு எந்த மருந்து நிறுவனம் செலவு செய்யும்? அதுவரை, சகல நோய்க்கும் மஸ்தகி என்று விற்பவர்களை நம்பி மருத்துவரின் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தியாகியான புனித இசிதோருக்காக மரங்கள் அழுதன, அந்தக் கண்ணீரே பிசின் என்பது கியோஸ் கதை. அழகான கதை. ஆனால் காயம்பட்ட மரம் தானே கட்டுப் போட்டுக்கொள்கிறது என்பது எனக்கு அதைவிட அழகாகப்படுகிறது.

வாசகர் பாயசத்தில் போடப் பொடிக்க நினைத்தால், மிக்சியில் அப்படியே அரைக்க வேண்டாம். சுற்றும் சூட்டில் இளகிப் பிளேடில் அப்பிக்கொள்ளும். சிறிது நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு சிட்டிகைச் சர்க்கரை சேர்த்துச் சிறிய உரலில் இடித்தால் மாவாக வந்துவிடும்.