நிறுத்த முடியாத ஆட்டமும் காத்திருக்காத மழலையும்

பத்து மாதக் குழந்தையொன்று சுவரில் ஓடும் பல்லியைக் கண்டு "த்தா" என்று குரல் எழுப்புகிறது. சுட்டுவிரலை நீட்ட இன்னும் பழகவில்லை. விரிந்த உள்ளங்கையோடு கை மட்டும் அந்தத் திசைக்குப் போகிறது. அடுத்த கணமே பல்லியை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைத் தேடுகிறது. தான் பார்த்ததை அவரும் பார்த்தாரா என்று அறிய விரும்பும் இந்தத் தேடலை வளர்ச்சி உளவியலாளர்கள் கூட்டுக் கவனம் என்கிறார்கள். ஏறத்தாழ ஒன்பதாவது மாதத்தில் தலைகாட்டும் இத்திறன் பேச்சுக்கு அடித்தளமாக அமைகிறது. "அட, பல்லி! பல்லி ஓடுதா?" என்று அப்பா உடனே சொன்னால், கண்ட பொருளும் கேட்ட ஒலியும் குழந்தையின் மனத்தில் சேர்ந்து பதிகின்றன. அவர் காதில் ஹெட்செட்டுடன் ஆன்லைன் ஆட்டத்தின் நடுவில் இருந்தால், அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

வீடியோ கேம் ஆடியே வளர்ந்த தலைமுறை இப்போது பெற்றோராகியிருக்கிறது. குழந்தை பிறந்ததும் அந்தப் பொழுதுபோக்கை முற்றாகக் கைவிட வேண்டுமா என்ற கேள்வி அவர்களில் பலரை உறுத்துகிறது. கைவிடத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்ப்பதைவிட, குழந்தை அழைக்கும்போது ஆட்டத்தைச் சட்டென்று நிறுத்த முடிகிறதா என்று பார்ப்பதே பயன் தரும். ஏனெனில் மழலை பேச்சாக மாறும் வேலை விநாடிக் கணக்கில் நடக்கிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களான மைக்கேல் கோல்ட்ஸ்டீனும் ஜெனிஃபர் ஷ்வேடும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒன்பதரை மாதக் குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவில், குழந்தை குரல் எழுப்பியவுடன் தாய் பதில் பேசினார். மற்றப் பிரிவிலும் தாய்மார் பேசினார்கள்; ஆனால் அப்பேச்சு குழந்தையின் குரலோடு தொடர்பில்லாத நேரங்களில் வந்தது. உடனுக்குடன் பதில் கிடைத்த குழந்தைகள் தாயின் பேச்சிலிருந்த ஒலி அமைப்புகளைத் தங்கள் மழலையில் கையாளத் தொடங்கினார்கள். மற்றவர்களிடம் அந்த மாற்றம் நிகழவில்லை.

பேசுபவர் திரையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாட்ரிசியா கூல் 2003-இல் ஆராய்ந்தார். ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 முறை நேரில் அமர்ந்து படித்தும் விளையாடியும் காட்டியபோது, சீன ஒலிகளை வேறுபடுத்தி அறியக் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள் அதே விஷயங்களைத் திரையில் பேசியபோது ஒன்றும் பதியவில்லை. திரையிலுள்ள முகம் குழந்தையின் பார்வைக்குப் பதில் தருவதில்லை.

நேரில் இருக்கும் பெற்றோரின் கவனம் பாதியில் அறுபட்டாலும் கற்றல் தடைபடுகிறது. ஜெசா ரீட், கேத்தி ஹிர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலிங்காஃப் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தாய்மார் தங்கள் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு இரு புதிய சொற்களைக் கற்பித்தார்கள். ஒரு சொல்லைக் கற்பிக்கும்போது மட்டும் இடையில் கைபேசி அழைப்பு வந்தது. இரு சொற்களையும் குழந்தைகள் ஒரே அளவு கேட்டிருந்தும், தடையின்றிக் கற்பித்த சொல்லையே கற்றுக்கொண்டார்கள்.

இனி ஆட்டத்தின் பக்கம் வருவோம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்ற குழு ஆட்டங்களில் ஒரு சுற்று அரை மணி நேரம்கூட நீளும். நடுவில் எழுந்துபோனால் கூட்டாளிகள் நால்வரும் தவிப்பார்கள். அடிக்கடி அப்படிச் செய்பவரின் கணக்குக்குத் தண்டனையும் உண்டு. கண்ணைத் திரையிலிருந்து எடுத்தாலும் மனம் முழுதாக வெளியே வருவதில்லை. முடியாத வேலையின் ஒரு பகுதி மனத்தில் தங்கிவிடுவதைக் கவன எச்சம் என்ற பெயரில் சோஃபி லெராய் 2009-இல் விளக்கினார். தனியாள் ஆட்டங்களும் முறை வைத்து ஆடும் ஆட்டங்களும் வேறு வகை. நின்டெண்டோ ஸ்விட்ச், ஸ்டீம் டெக் போன்ற கைக்கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான தனியாள் ஆட்டங்கள் அதே இடத்தில் உறங்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் அங்கிருந்தே தொடரலாம். கைக்குழந்தை விழித்திருக்கும் பொழுதுக்கு இவையே ஏற்றவை.

இதையெல்லாம் படித்துவிட்டு, எப்போதும் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். எட்வர்ட் டிரோனிக் 1970-களில் நடத்திய சோதனையில், கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிடம் இருந்தார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது. பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதே டிரோனிக்கின் ஆய்வுகளே, இயல்பான வீடுகளிலும் தாயும் சேயும் ஒத்திசையாத நேரங்கள் மிகுதி என்றும், அறுந்த தொடர்பு மீண்டும் மீண்டும் சரிசெய்யப்படுவதே முக்கியம் என்றும் காட்டின. தவறவிட்ட அழைப்புக்குச் சற்று நேரத்தில் திரும்பி வந்து மனமார ஈடுகொடுத்தால் போதும்.

ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டிப் பழகிய விளையாட்டாளர்கள் குழந்தையின் வளர்ச்சியையும் அப்படியே எதிர்பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். செங்கீரை, சப்பாணி, வருகை என்று பிள்ளைத்தமிழ் பருவங்களை வரிசைப்படுத்துகிறது. ஆயினும் வீட்டுக் குழந்தை அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டதன்று. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தனியாக நடக்கத் தொடங்கும் வயது சுமார் 8 மாதம் முதல் 17 மாதத்துக்கு மேல் வரை விரிகிறது. சில குழந்தைகள் முட்டி போட்டுத் தவழாமலே நடந்துவிடுகின்றன. நடக்கக் கற்ற பின்னும் ஓயாத பயிற்சி தேவைப்படுகிறது: கேரன் அடால்ஃப் குழுவினர் 2012-இல் கணக்கிட்டபோது, 12 முதல் 19 மாதக் குழந்தைகள் மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் வைத்து 17 முறை விழுந்தார்கள். இவ்வளவுக்கும் தரையில் இடமும் அருகில் ஒரு பெரியவரும் வேண்டும்.

ஆகவே நிறுத்த முடியாத ஆட்டங்களைக் குழந்தை உறங்கும் நேரத்துக்கோ, துணைவர் பொறுப்பேற்றுள்ள நேரத்துக்கோ ஒதுக்குவது நல்லது. பொறுப்பு யாருடையது என்பதை வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் பார்ப்பார் என்று இருவரும் நினைக்கும் அரைமணியே பெரும் பூசலுக்குக் காரணமாகிறது. நள்ளிரவு தாண்டி ஆடுவது மறுநாள் பொறுமையைத் தின்றுவிடும் என்பதால், உறக்கத்தில் கைவைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

குழந்தைக்கே திரை எப்போது என்ற கேள்விக்கு இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல் தெளிவானது: இரண்டு வயதுக்குள் எப்போதாவது உறவினருடன் வீடியோவில் பேசுவது தவிர வேறு திரை வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை பெரியவர் உடனிருக்க நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். இவற்றையெல்லாம் கடைப்பிடித்தும் 12 மாதத்தில் மழலையோ சைகையோ இல்லையென்றாலும், 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லையென்றாலும், வந்த சொற்கள் மறைந்தாலும், தங்கள் பொழுதுபோக்கைக் குற்றம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாமல் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். செவித்திறன் சோதனையையும் அப்போதே செய்துகொள்வது நல்லது.