கொழுந்து பறிப்பவருக்கு எதற்கு உடற்பயிற்சி?

கிளினிக் கொப்பியில் 'உடலுழைப்பு: போதுமானது, தோட்டத் தொழிலாளி' என்று எழுதியிருப்பதை இன்னொரு முறை பார்த்தால் கொப்பியையே கிழித்துவிடுவேன் போலிருக்கிறது. கடைசியாக அப்படிப் பார்த்த கொப்பிக்குரிய அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதை விட்டுப் பல வருடமாகிறது. இப்போது இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், மீதி நேரம் டிவி. இரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டே போகிறது. "இப்ப என்ன வேலை செய்றீங்கம்மா?" என்று அவரிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. விலாசத்தில் தோட்டத்தின் பெயர் இருந்ததோடு சரி.

எழுதிய தாதியைக் குறை சொல்லிப் பயனில்லை. தாதியருக்கும் குடும்ப நல உத்தியோகத்தருக்கும் தோட்ட வைத்திய உதவியாளருக்கும் நாம் கொடுக்கும் பயிற்சியின் லட்சணம் அது. அரை நாள் சிலைட், இடையில் ரோல்ஸும் பிளேன்டீயும், முடிவில் சான்றிதழ். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்று எல்லோரும் ஒப்புவிப்பார்கள். எதிரே இருப்பவரிடம் எப்படிக் கேட்பது என்று ஒருவரும் வாய் திறந்து பழகியிருக்க மாட்டார்கள்.

'தோட்டத்து ஆட்களுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு' என்பதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது சாகமாட்டேன் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலில் வேலை, போக்குவரத்து, வீட்டு வேலை, ஓய்வு நேரம் என எல்லா அசைவும் கணக்கில் வரும். கொழுந்துச் சுமையோடு சரிவில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு 150 நிமிடம் ஓரிரு நாளிலேயே முடிந்துவிடும். அவரிடம் போய் "தினமும் அரை மணி நடங்க" என்றால் சிரிப்பார், சிரிக்கத்தான் வேண்டும். தோள்வலியையும் முதுகுவலியையும் விசாரியுங்கள். ஆனால் அந்த லயத்தில், அந்தத் தோட்டக் குடியிருப்பு வரிசையில், அவர் மட்டுமா இருக்கிறார்? ஓட்டோ ஓட்டும் மகன், நாள் முழுக்கத் தையல் மெஷினில் இருக்கும் மருமகள், ஓய்வுபெற்ற கங்காணி, கொழும்பில் கடை வேலை செய்து திரும்பிய தம்பி, எல்லோருக்கும் அதே விலாசம்தான். "உழைச்ச உடம்புங்க டொக்டர்" என்பார்கள். இருபது வருடத்துக்கு முன் ஏறிய மலை இன்றைய சீனியைக் குறைக்காது. உடம்பு அதைச் சேமித்து வைப்பதில்லை.

ஆகவே பயிற்சியில் சிலைடைப் பாதியாக்குங்கள். இருவர் இருவராக உட்கார வைத்துக் கேட்கப் பழக்குங்கள்: வேலையில் எவ்வளவு நேரம் அசைகிறார், எங்கெல்லாம் நடந்து போகிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார். சிங்களம் பேசும் மிஸ்மாருக்கு (தாதியருக்கும் குடும்ப நல உத்தியோகத்தருக்கும்) இந்த மூன்று கேள்வியையாவது தமிழில் சொல்லிக்கொடுங்கள். வேகத்துக்கு மீட்டர் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

அடுத்தது அந்தக் கொழும்புத் துண்டுப்பிரசுரம். 'அதிகாலையில் பூங்காவில் நடங்கள்' என்று மலையகத்து மஸ்கெலியாவில் கொடுப்பதற்கு வெட்கமாக இல்லையா? இங்கே தென்மேற்குப் பருவ மழையில் படிகள் வழுக்கும், தேயிலைக்குள் குளவிக் கூடு இருக்கும், இருட்டில் சிறுத்தை நடமாடும். வேலையில்லாமல் நடக்கிறாள் என்று லயமே பேசும். எங்கே, எப்போது முடியும் என்று அவரையே கேளுங்கள். பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் நல்லதுதான். மழை நாளில் இஸ்தோப்பில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரட்டும்.

இன்சுலின் போடுபவர், கிளிக்லசைட் என்ற சீனிக் குளிசை குடிப்பவர் வெறும் வயிற்றோடு கிளம்பக்கூடாது, சீனி சட்டென்று இறங்கிவிடலாம், கையில் டொபி இருக்கட்டும். சீனி வருத்தக்காரரின் பாதத்தைப் பார்க்காமல் நடக்கச் சொல்லாதீர்கள், செருப்பையும் பாருங்கள். நெஞ்சு இறுகினால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கள்.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யுங்கள். பிரசர் எழுதும் பக்கத்திலேயே 'கோயில் வரை நடை, வாரம் நான்கு நாள்' என்று அவர் ஒத்துக்கொண்டதை எழுதிவையுங்கள். அடுத்த மாதம் கொப்பியைத் திறக்கும் மிஸ் அப்போதுதான் அதைப் பற்றிக் கேட்பார்.