அடுத்தவர் பணத்தில் டிரேடிங்: பணம் யார் பெயரில் இருக்கிறது?

டிரேடிங்கில் ஒருவர் நாலு காசு பார்த்துவிட்டால் போதும், "என் பணத்தையும் சேர்த்துப் போடேன்" என்று உறவினர்களும் நண்பர்களும் வந்துவிடுவார்கள். அப்புறம் அவர் என்னிடம் வந்து, "எந்த மாதிரி கம்பெனி பதிவு செய்யலாம்?" என்பார். நான் முதலில் கேட்பது, "அந்தப் பணம் இப்போது யார் பெயரில் இருக்கிறது?"

பெரும்பாலும் பதில், "என் கணக்கில்தான்." லாபம் முழுவதும் அவர் வருமானமாகத் தெரியும், வரிக் கேள்வியும் அவருக்கே வரும். அவருடைய சொந்தக் கடனுக்காகக் கணக்கு முடக்கப்பட்டால் எல்லோர் பணமும் சேர்ந்து முடங்கும். அவர் திடீரென்று இறந்துபோனால், பணம் கொடுத்தவர்கள் வாட்ஸ்அப் செய்திகளை வைத்துக்கொண்டு வாரிசுகளிடம் போராட வேண்டும். அப்படி ஒரு வழக்கில் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறேன். இறந்தவர் நேர்மையானவர். யாரையும் ஏமாற்ற நினைத்ததே இல்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பணம் கொடுத்தவரின் சொந்தக் கணக்கிலேயே இருக்கட்டும். உங்களுக்கு வாங்கவும் விற்கவும் மட்டும் பவர் பத்திரம் தரட்டும். பணத்தை எடுக்கும் அதிகாரம் அதில் கூடவே கூடாது. எளிமையான வழி இது. நாலைந்து பேர் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பணத்தை ஒரே குடத்தில் ஊற்றத்தான் வேண்டும் என்றால், அந்தக் குடம் உங்களிடமிருந்து தனியான சட்ட அமைப்பாக இருக்க வேண்டும்: டிரஸ்ட், கம்பெனி, லிமிடெட் பார்ட்னர்ஷிப் என்று நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் 1949-ல் 1,00,000 டாலருடன் ஆரம்பித்த கூட்டு நிதிதான் முதல் ஹெட்ஜ் ஃபண்ட் (சிலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் தனியார் நிதி) என்பார்கள். அதில் 40,000 டாலர் அவருடைய சொந்தப் பணம். 1952-ல் அதை லிமிடெட் பார்ட்னர்ஷிப்பாக மாற்றினார். அதில் பணம் போட்டவருக்கு நஷ்டம் போட்ட தொகையோடு நின்றுவிடும். நடத்துபவர் முழுப் பொறுப்பையும் சுமப்பார்.

கூட்டு நிதியில் யூனிட் கணக்கு அவசியம். மொத்தப் பணத்தைச் சம பங்குகளாகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் யூனிட். 100-ல் தொடங்கிய யூனிட் 120 ஆனபின் சேருகிறவர் 120 கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இல்லையென்றால் பழையவர்களின் லாபத்தில் அவருக்கும் பங்கு போய்விடும். 120 தொட்ட யூனிட் 90-க்கு விழுந்து 110-க்கு ஏறினால் நடத்துபவர் தன் லாபப் பங்கை எடுக்கக் கூடாது. பழைய உச்சத்தைத் தாண்டிய பிறகே எடுக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எந்த அமைப்பானாலும், டிரேடு செய்யும் கையும் பணத்தை வைத்திருக்கும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய அமெரிக்க நிதி நிர்வாகி பெர்னார்ட் மேடாஃப் 2008 டிசம்பரில் கைதானபோது, வாடிக்கையாளர் அறிக்கைகளில் சுமார் 6,500 கோடி டாலர் இருந்தது, வெறும் தாளில். டிரேடு செய்வது, பணத்தைக் காப்பது, அறிக்கை அனுப்புவது, மூன்றும் அவர் நிறுவனமே. தணிக்கையாளரோ ஒரு மிகச் சிறிய அலுவலகம்.

சரி, கம்பெனி பதிவாகிவிட்டது, தொடங்கிவிடலாமா? முடியாது. கம்பெனிப் பதிவு வேறு, சந்தை ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் வேறு. எத்தனை பேரிடம் வாங்குகிறீர்கள், விளம்பரம் செய்கிறீர்களா, கட்டணம் உண்டா என்பதைப் பொறுத்து விதிகள் மாறும். "மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று உறுதி கொடுத்தாலோ, பல நாடுகளில் அது அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்கிய குற்றமாகிவிடலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? புதுப் பணம் வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். யாருக்கு எவ்வளவு என்று எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்தத் தாளோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.