முந்திக் கிளம்புபவருக்கு எத்தனை நிமிடம்?

ஒருவர் 315 வாட் ஆற்றலுடன் சைக்கிள் மிதிக்கிறார். இன்னொருவரால் 165 வாட் மட்டுமே முடிகிறது. இருவரும் ஒரே பந்தயத்தில் ஓட்டி, கடைசிக் கிலோமீட்டர் வரை யார் ஜெயிப்பார் என்று தெரியாமல் இருக்க வேண்டும். மெதுவானவரை எவ்வளவு முன்னதாகக் கிளம்ப விடலாம்?

ஆஸ்திரேலியர்களுக்கு இது பழைய கேள்வி. மெல்பர்னுக்கும் வார்னம்பூலுக்கும் இடையே 1895இல் தொடங்கிய பந்தயம், பலவீனர்களை முதலில் அனுப்பிப் பலசாலிகளைக் கடைசியில் விடும் முறையில்தான் நெடுங்காலம் நடந்தது. இன்று அதே வேலையை ஸ்விஃப்ட் செயலியின் துரத்தல் பந்தயங்கள் செய்கின்றன. வீட்டில் நிறுத்திய சைக்கிளோடு இணைந்த கருவி நம் வாட்டை அளந்து அனுப்ப, திரையில் நம் உருவம் ஓடுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 4 வாட்டும் மேலும் தருபவர்கள் ஏ பிரிவு, 2.5க்குக் கீழே உள்ளவர்கள் டி பிரிவு என்று பிரிப்பது நெடுநாள் வழக்கம். டி முதலில் கிளம்பும், பிறகு சி, பி, கடைசியில் ஏ.

இடைவெளியைக் கணக்கிட, அந்த இருவரும் 75 கிலோ என்றும், இருவர் சைக்கிளும் 8 கிலோ என்றும், வழக்கமான காற்றுத்தடை என்றும் வைத்துக்கொண்டேன். சமதளத்தில் 20 கிலோமீட்டரை பலசாலி ஏறத்தாழ 29½ நிமிடத்திலும் மற்றவர் 37½ நிமிடத்திலும் கடக்கிறார்கள். 8 நிமிடம் முன்னால் விட்டால் சரி. இருவரையும் செயலியில் உள்ள ஆல்ப் டு ஸ்விஃப்ட் என்ற கற்பனை மலையில் ஏற்றுங்கள்: 12.2 கிலோமீட்டர், 1,036 மீட்டர் ஏற்றம். ஒருவருக்கு 49 நிமிடம், மற்றவருக்கு 90. இடைவெளி 41 நிமிடம்! தூரம் குறைந்தும் இடைவெளி ஐந்து மடங்காகிவிட்டது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், சமதளத்தில் வாட்டை ஏறக்குறைய இரட்டித்தாலும் வேகம் கால் பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் ஏறும். மலையில் எதிரி புவியீர்ப்பு. அங்கே கூட்டிய ஒவ்வொரு வாட்டும் கிட்டத்தட்ட அப்படியே வேகமாகிவிடும். ஆகவே எல்லாப் பாதைக்கும் ஒரே இடைவெளி வைக்கும் ஏற்பாட்டாளர் நியாயம் செய்யவில்லை.

இதுவரை தனி மனிதர்கள். பந்தயத்தில் ஓடுவதோ கூட்டம். முன்னால் போகிறவரின் மறைவில் ஒதுங்கினால் காற்றை எதிர்க்கும் வேலையில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். நாற்பது பேர் சேர்ந்த டி கூட்டம், தனித்தனியாக ஓடும் டி வீரர்களைவிட வேகமாகப் போகும். ஏ பிரிவில் ஆறு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால், முன்னால் நின்று காற்றை வாங்கும் முறை அவர்களுக்கு அடிக்கடி வரும். எனவே பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் இடைவெளி குறிப்பது வீண்.

இன்னொரு சிக்கல் எனக்கு மிகவும் பிடித்தது. ஏ கூட்டம் சமதளத்தில் பி கூட்டத்தைப் பிடிக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 41 கிலோமீட்டர் வேகத்துக்கு முன்னால் இருப்பவர் 315 வாட் கொடுக்க, மறைவில் இருக்கும் பி வீரருக்கு 230 வாட் போதும், கிலோவுக்கு 3.1 வாட்தான், அவர் பிரிவில் இருப்பவருக்கு எளிதில் முடிவது. பிடிபட்டவர் பின்தங்காமல் ஒட்டிக்கொண்டு, கடைசி ஓட்டத்துக்குக் கால் பலத்தைச் சேமித்து வைக்கிறார். பாதி வழியில் பிடிபட்டால் பந்தயமே சப்பென்றாகிவிடும். கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் கூட்டங்கள் கலக்குமாறு அமைவதுதான் நல்ல இடைவெளி. அதற்கு முந்தைய வாரத்து முடிவுகளைப் பார்த்து அரை நிமிடம் கூட்டுவதும் குறைப்பதும் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டாலும், எடையை ஓட்டுபவரே தட்டச்சு செய்கிறார். நம் 165 வாட்காரர் 75க்குப் பதில் 70 என்று தட்டினால் அந்த மலையில் ஏறத்தாழ 5 நிமிடம் இலவசமாகக் கிடைக்கும். கிலோவுக்கு 2.36 வாட் என்பதால் அவர் இன்னும் டி பிரிவில்தான் இருப்பார். யாருக்கும் சந்தேகம் வராது.