சிம்பொனி: படைப்பா, இசைக்குழுவா?

கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் சேர்ந்து. ‘ஃபோனே’ என்றால் ஒலி, குரல். நம் கையில் இருக்கும் போனும் இந்த ஃபோனே வழி வந்ததுதான். இரண்டும் சேர்ந்த ‘சிம்போனியா’, கிரேக்கர்களிடம் சுரங்கள் ஒன்றோடொன்று இழைவதைக் குறித்தது. இடைக்காலத்தில் அது சில இசைக்கருவிகளுக்கும் பெயரானது. 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஓபரா என்ற பாட்டு நாடகம் தொடங்குமுன் வாசிக்கும் இசையை ‘சின்ஃபோனியா’ என்றார்கள். அடுத்த நூற்றாண்டில் அது ஓபராவை விட்டுத் தனிக்குடித்தனம் போய், பல கருவிகள் சேர்ந்து வாசிக்கும் பெரிய இசைப்படைப்பானது. அதுதான் சிம்பொனி. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் நூறுக்கு மேல் எழுதித் தள்ளினார். நான்கு பகுதிகள் என்ற வடிவமும் நிலைத்தது.

அந்த வடிவம் இன்று எவ்வளவு நெகிழ்ந்திருக்கிறது என்பதற்கு அமெரிக்க இசையமைப்பாளர் மைக்கேல் டாஹர்டி நல்ல உதாரணம். 1954இல் அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸில் பிறந்தவர். அப்பா நடன இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். மகன் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இசையமைப்பாளர் லிகெட்டியிடம் பயின்றார், பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இத்தனை படித்தவர் 1988இல், சூப்பர்மேன் காமிக்ஸுக்கு 50 வயதான சமயத்தில், சூப்பர்மேனை வைத்தே சிம்பொனி எழுதத் தொடங்கினார். சூப்பர்மேன் வாழும் நகரத்தின் பெயரைக் கொண்ட அந்த ‘மெட்ரோபோலிஸ் சிம்பொனி’ முடிய 1993 ஆயிற்று.

இதில் நான்கல்ல, ஐந்து பகுதிகள். தனித்தனியாகவும் வாசிக்கலாம். சூப்பர்மேனின் எதிரி பெயரிலான ‘லெக்ஸ்’ பகுதியில் தனி வயலின் ஓட ஓட, தாளக் கலைஞர்கள் விளையாட்டு நடுவர் ஊதும் விசிலை ஊதுகிறார்கள். அவன் பிறந்த கிரகமான ‘கிரிப்டான்’ பகுதியில் சைரன் அலறுகிறது. கடைசிப் பகுதியான ‘ரெட் கேப் டேங்கோ’வில், இறந்தோருக்கான பழைய லத்தீன் வழிபாட்டுப் பாட்டான ‘தியெஸ் இரே’யின் மெட்டு டேங்கோ நடனத் தாளத்தில் ஆடுகிறது. சூப்பர்மேனின் சாவுக்கு ஆட்டம்! விளையாட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது, கட்டுமானம் கறாரானது. நாஷ்வில் சிம்பொனியின் ஒலிப்பதிவுக்கு 2011இல் கிராமி விருதும் கிடைத்தது.

நாஷ்வில் சிம்பொனி என்பது ஓர் இசைக்குழு. சிக்கல் இங்கேதான். படைப்புக்கும் சிம்பொனி, அதை வாசிக்கும் குழுவுக்கும் சிம்பொனி. ஆங்கிலத்தில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். நாமும் அதையே அப்படியே எழுதிக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

குழுவுக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: பல்லியம். பல் + இயம். இயம் என்றால் இசைக்கருவி. திருமுருகாற்றுப்படை முருகனைக் ‘குழலன் கோட்டன் குறும்பல்லியத்தன்’ என்கிறது. நெடும்பல்லியத்தனார் என்றே ஒரு சங்கப் புலவர் உண்டு. புறநானூற்றில் அவர் விறலியை அழைப்பதே, யாழையும் ஆகுளி, பதலை என்ற பறைகளையும் கட்டிக்கொண்டு போவோமா என்றுதான். பேருக்கேற்ற ஆள்.

படைப்புக்கான சொல்லில்தான் இழுபறி. ‘ஒத்திசை’ மூலச்சொல்லை அப்படியே ஒத்தது. ஆனால் பல சுரங்கள் ஒரே நேரத்தில் இழையும் ‘ஹார்மனி’க்கும் அதையே எழுதுகிறோம். ‘கோவை’ எனலாமா என்றால், அது பல துண்டுகளைக் கோத்த ‘சூட்’ என்ற வேறு வடிவத்துக்குத்தான் பொருந்தும். ‘ஒத்தின்னியம்’ என எழுதுபவர்களும் உண்டு. ஒத்து, இன், இயம் மூன்றும் அதில் இருக்கின்றன. முதலில் கேட்கும்போது மார்க்சியம், பெண்ணியம் போல ஏதோ கொள்கையின் பெயர் மாதிரி இருக்கும், பழகினால் சரியாகிவிடும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஆக, ‘பால்டிமோர் சிம்பொனி மெட்ரோபோலிஸ் சிம்பொனியை வாசித்தது’ என்பதை ‘பால்டிமோர் பல்லியம் மெட்ரோபோலிஸ் ஒத்தின்னியத்தை வாசித்தது’ என்று எழுதலாம். படைப்பை மட்டும் சொல்லும் இடத்தில் சிம்பொனி என்றே விட்டாலும் பாதகமில்லை. குழுவை மட்டும் சிம்பொனி ஆக்காதீர்கள்.